க்ஞொம் என்றால் நான்

புறப்படுவதற்கு முந்தின நாள் எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போய்ப் பாருப்பா, நம்ம ராசா கட்டின கோயிலு. கடல் தாண்டிப் போய்க் கட்டியிருக்கான் தமிழன்." இதை அவருக்கு யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. நம்மூர் மேடைகளில் வருஷக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கோர்வாட்டைக் கட்டியது இரண்டாம் சூரியவர்மன். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கெமர் அரசன். தமிழனும் இல்லை, சோழனுக்குச் சித்தப்பன் மகனும் இல்லை. பேருக்குக் கடைசியில் வர்மன் என்று வந்துவிட்டால் பல்லவன் வீட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் நம்மாட்கள். பெரியவரிடம் நான் வாதாடவில்லை.

2019 ஜனவரியில் ஒரு விடியற்காலை, சியெம் ரியப் நகரத்துக்குப் பக்கத்தில், பெருங்கூட்டத்தோடு கூட்டமாகக் குளக்கரையில் நின்று அந்தக் கோபுரங்களைப் பார்த்தேன். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. எல்லார் கையிலும் காமிரா. யார் கட்டினது என்று யாரைக் கேட்டாலும் ராசா பேரைத்தான் சொல்கிறார்கள். அது எந்த மொழிக்கார ராசா என்பதில்தான் சண்டையே. எங்க அம்மா ஏரி வேலைக்கு மண் சுமந்தவள். கூடையைத் தலையில் ஏற்றிவிடும்போது அவள் கழுத்து எப்படிக் குறுகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை கல்லையும் ஒருசேரப் பார்த்தபோது எனக்கு அந்தக் கழுத்துதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன், கோயில்களை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போவதென்று. விடுதிக்கு எதிரே ஸ்கூட்டரோடு ஒருத்தர் நின்றார். 39 வயசு. சின்ன வயசில் மடத்தில் நாலு வருஷம் துறவியாக இருந்து, அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழிகாட்டித் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். ஆங்கிலம் நன்றாகவே பேசினார், என்னைவிட. அவர் என்னைப் 'பொங்' என்று கூப்பிட்டார். நானும் மரியாதைக்குப் 'பொங்' என்றேன். சிரித்துவிட்டார். பொங் என்றால் மூத்தவர், அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே சொல். நான் பத்து வயசு பெரியவன், ஆகையால் அவரை 'ஊன்' என்றுதான் கூப்பிட வேண்டும். தம்பி என்று அர்த்தம். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் தம்பிதான்.

"பொங், உங்களுக்கு என்ன பார்க்கணும்?"

"வேலை செஞ்ச சனங்களைப் பார்க்கணும்."

"செத்தவங்களையா, இருக்கிறவங்களையா?"

"ரெண்டு பேரையும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு நாள் ஆகும். முதல் நாள் செத்தவங்க. ரெண்டாம் நாள் எங்கம்மா."

காலையில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டது பங்கில் இல்லை. தெருவோரம் ஒரு அம்மா பலகை மேலே பழைய குளிர்பானப் பாட்டில்களில் பெட்ரோலை நிரப்பி அடுக்கி வைத்திருந்தார். புனல் வைத்து ஊற்றினார். தம்பி தன் கழுத்தில் கிடந்த கட்டம் போட்ட துண்டைக் கழற்றி என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டார். க்ரமா என்று பேர். தலைப்பாகை, கோவணம், பிள்ளைக்குத் தூளி, சாமான் கட்ட மூட்டை, எல்லாம் அதுதான். நம்ம ஊர்த் துண்டுக்கு உள்ள அத்தனை வேலையும் அதுக்கு உண்டு. செம்மண் புழுதி அப்படி.

ஆறாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே 13 கிலோமீட்டர் போனால் ரொலுவோஸ். அங்கே வடக்கே திரும்பி வயல்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தினார். அறுப்பு முடிந்து தாள் நின்ற வயல். நாலைந்து வெள்ளை மாடுகள். "இப்ப நாம ஏரிக்குள்ள நிக்கிறோம், பொங்" என்றார்.

இந்திரதடாகம். முதலாம் இந்திரவர்மன் 877-இல் பட்டத்துக்கு வந்த கையோடு ஆரம்பித்த ஏரி. நீளம் 3.8 கிலோமீட்டர், அகலம் 800 மீட்டர். பள்ளம் தோண்டிய ஏரி இல்லை, தரைக்கு மேலே நாலு பக்கமும் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியது. தண்ணீர் வற்றி எத்தனையோ நூறு வருஷம் ஆகிறது. இப்போது நெல் விளைகிறது. நடுவில் தீவாக இருந்த மேட்டில் அவன் மகன் யசோவர்மன் 893-இல் கட்டிய லோலெய் கோயில், நாலு செங்கல் கோபுரம். அப்பன் ஆத்தாளுக்கும் பாட்டன் பாட்டிக்கும். பக்கத்திலேயே இந்தக் காலத்துப் புத்த மடம், பிள்ளைகள் காவித் துணி துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

செங்கல் கோபுரத்துக்குக் கல்லில் நிலை வைத்திருக்கிறார்கள். நிலையின் உட்பக்கம் இரண்டு பக்கமும் எழுத்து. மேலேயிருந்து கீழே வரை, வரிசை வரிசையாக, அச்சில் வார்த்த மாதிரி. தென்னிந்தியாவிலிருந்து, பல்லவர் காலத்து எழுத்திலிருந்து போய் அங்கே வளர்ந்த எழுத்து அது. கிரந்தம் கொஞ்சம் பழகியவனுக்குச் சில எழுத்துகள் பங்காளி வீட்டுச் சாடையில் தெரியும். நம்மாட்கள் பெருமை பேச வேண்டுமென்றால் இந்த இடத்தில் பேசலாம். பேசிவிட்டு, அந்த எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கணும்.

"எல்லாம் ஆளுங்க பேரு" என்றார் தம்பி.

கோயிலுக்குத் தானமாகக் கொடுத்த ஆட்கள். ஆண் பேருக்கு முன்னால் ஒரு சொல், பெண் பேருக்கு முன்னால் ஒரு சொல். தாயோடு சேர்த்து அவள் பிள்ளையும் கணக்கில் வரும். அதில் பால்குடிப் பிள்ளைக்குத் தனிச் சொல் இருக்கிறது. பிறந்து கண் திறக்காத பிள்ளையும் சொத்துக் கணக்கில் ஏறிவிட்டது. வளர்பிறைப் பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம், தேய்பிறைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து எழுதியிருக்கிறது. நெல் குத்துகிறவர், சமைக்கிறவர், இலை தைக்கிறவர், வாசனைப் பொருள் அரைக்கிறவர், ஆடுகிறவர், பாடுகிறவர் என்று இப்படிப்பட்ட கல்வெட்டுகளில் வேலை வேலையாகவும் வரும். இந்த மாதிரிப் பட்டியல்கள் அந்த நாடு முழுக்கக் கல்லில் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் வந்து படித்தார்கள். ஜார்ஜ் செதேஸ் என்பவர் 1937-லிருந்து 1966 வரை எட்டுத் தொகுதி போட்டார்.

பேர்கள் என்ன பேர்கள்? பூப்பேர் உண்டு, சமஸ்கிருதப் பேரும் உண்டு. அதோடு நாய், பூனை, நாற்றம் பிடித்தவன், அருவருப்பானவன் என்றும் பேர்கள் இருக்கின்றன. எங்க பாட்டன் பேர் மண்ணாங்கட்டி. பிள்ளை தங்கணும் என்பதற்காக வைத்த பேர் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கேயும் சில பேர் அப்படி வந்திருக்கலாம். ஆனால் புரோகிதர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பயம் எப்படி இல்லாமல் போச்சு? 1052-இல் வெட்டிய ஸ்டொக் கக் தோம் கல்வெட்டில் ஒரே ஒரு புரோகிதக் குடும்பத்தின் கதை 250 வருஷத்துக்கு வருகிறது. மாமன், மருமகன், அவனுக்கு மருமகன் என்று ஒருத்தன் விடாமல், எந்த ராசாவுக்கு யார் குரு, எந்த ஊர் யாருக்கு இனாம் என்று எழுதியிருக்கிறார்கள். நாற்றம் பிடித்தவனுக்கோ பாட்டன் பேர் கிடையாது.

தம்பி அதற்கப்புறம் சொன்னதுதான் இரண்டு நாளும் என்னோடு வந்தது. "கல்லுல இவங்களுக்கு என்ன பேர் தெரியுமா பொங்? க்ஞும். இன்னைக்கு நாங்க அதை க்ஞொம்னு சொல்றோம். க்ஞொம்னா, நான்."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. மறுபடி கேட்டேன். அடிமைக்கு எழுதிய சொல்தான் இன்றைக்குக் கெமர் மொழியில் 'நான்'. எனக்குப் பசிக்குது, நான் வரேன், நான் உன்னைக் கட்டிக்கிறேன், எல்லாத்துக்கும் அதே க்ஞொம். பெரியவர்கள் முன்னால் அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, சொல்லிச் சொல்லித் தேய்ந்து அதுவே 'நான்' ஆகிவிட்டது. நம்ம 'அடியேன்' மாதிரிதானே என்று தோன்றும். அடியேனைச் சொல்ல ஒரு கோயில் வேணும், ஒரு மடம் வேணும். க்ஞொம்மைப் பெட்ரோல் விற்கிற அம்மாவும் சொல்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லுது.

அறிஞர்கள் இதில் பெரிய விவாதம் நடத்தியிருக்கிறார்கள். க்ஞும் என்றால் விலைக்கு வாங்கிய அடிமையா, கோயிலுக்குக் கட்டுப்பட்ட பணியாளா என்று. பதினைந்து நாள் கோயில் வேலை போக மீதி நாள் சொந்த நிலத்தில் பாடுபட்டிருப்பார்கள், ஆகவே அடிமை என்பது கடுமையான சொல் என்கிறார்கள் சிலர். தானப் பட்டியலில் மாடு, நெல், நிலம், பாத்திரம் இவற்றோடு சேர்த்து எழுதப்பட்ட ஆளுக்கு என்ன பேர் வைப்பது என்பது படிக்கிறவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதையும் பொறுத்தது. நான் அடிமை என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றும் கவனிக்கணும். பெரிய கல்வெட்டுகளில் ராசாவையும் சாமியையும் புகழ்கிற பகுதி சமஸ்கிருதத்தில், செய்யுளாக. ஆள், மாடு, எல்லை, நெல்லுக்கணக்கு கெமர் மொழியில், வசனமாக. நம்ம செப்பேடுகளிலும் இதே ஏற்பாடுதான், மெய்ப்புகழ் வடமொழியில், நிலக்கணக்கு தமிழில். தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பேர் பேராக, எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்பதோடு எழுதியிருக்கிறான் ராசராசன். அதே கோயில் கல்வெட்டில்தான் பறைச்சேரி என்ற சொல்லும் வருகிறது, வரியில்லா நிலத்தைக் கழிக்கிற கணக்கில். எழுத்துப் போன வழியில் எழுதுகிற முறையும் போயிருக்கிறது.

நான் ஒரு ஆசையோடுதான் அந்த நாட்டுக்குப் போனேன் என்பதை மறைக்கக் கூடாது. புத்த நாடு. நாம் சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த பேர். லோலெய் சிவன் கோயில், அதனால் அப்படி. புத்தன் வந்ததும் மாறியிருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஏழாம் ஜெயவர்மன் மகாயான புத்தன். நோயாளிகளுக்கென்று நாடு முழுக்க 102 மருத்துவ விடுதி கட்டினவன். அவன் தன் தாய்க்காக 1186-இல் எழுப்பிய தா ப்ரோம் கோயில் கல்வெட்டு, அந்தக் கோயிலுக்குச் சேவகம் செய்ய 3,140 ஊர்களும் 79,365 பேரும் என்று கணக்குச் சொல்கிறது. தகப்பனுக்காக 1191-இல் கட்டிய ப்ரியா கானுக்கு 5,324 ஊர், 97,840 பேர். இங்கே பேர்கூட இல்லை, வெறும் தொகை. தம்பியிடம் இதைச் சொன்னேன். மடத்தில் இருந்தவராச்சே, வருத்தப்படுவாரோ என்று பார்த்தேன். "சாமி மாறிச்சு, நெல் குத்துற கை மாறல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மத்தியானம் ஒரு ஊரில் பனஞ்சாறு குடிக்க நிறுத்தினோம். அந்த நாட்டு வீடெல்லாம் தூண் மேல் நிற்கிற வீடு. மேலே குடியிருப்பு. கீழே மாடு, தறி, ஏர், ஸ்கூட்டர், கயிற்றுத் தூளி. வெயில் நேரத்தில் மனுசரும் கீழேதான் கிடப்பார்கள், காற்று நன்றாக வரும். நானும் தூளியில் சாய்ந்தேன். அப்போதுதான் சௌ தாகுவான் ஞாபகம் வந்தான்.

சீன தூதுக் குழுவோடு 1296-இல் அங்கோருக்கு வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கிப் போனவன். அவன் எழுதிய குறிப்பில் அடிமைகளைப் பற்றிச் சொல்கிறான். வசதியான வீட்டில் நூறு பேருக்கு மேல், நடுத்தரத்தில் பத்து இருபது, பரம ஏழை வீட்டில்தான் ஒருத்தரும் இல்லை. மலையிலிருந்து பிடித்துவந்த சனங்கள். அந்தச் சனங்களின் பேரே வசவு. சண்டையில் ஒருத்தனை அந்தப் பேர் சொல்லித் திட்டினால் எலும்பு வரை பகை ஏறும். இளந்தாரிக்கு விலை நூறு துணி, கிழம் நோஞ்சானுக்கு முப்பது நாற்பது. அவர்கள் வீட்டுக்கு அடியில்தான் உட்காரலாம், படுக்கலாம். வேலைக்காக மேலே ஏற வேண்டுமென்றால் மண்டி போட்டு, கும்பிட்டு, தலை வணங்கிவிட்டு ஏறணும். தப்புச் செய்தால் அடி, குனிந்து அசையாமல் வாங்கிக்கணும். ஓடிப்போய் மாட்டினால் முகத்தில் பச்சை குத்துவார்கள், இல்லையென்றால் கழுத்தில் இரும்பு வளையம். வெளியூரிலிருந்து வந்தவன், வேடிக்கை பார்க்கிற மாதிரி எழுதி வைத்தான். வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுக் கூலி வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு அது வேடிக்கையாகத் தெரியாது. தூளியிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

பனைமரம் அங்கே நாடு முழுக்க. நம்ம மரமேதான், வேற சாதிப் பனை இல்லை. மூங்கில் ஏணி கட்டி ஏறி, மூங்கில் குழலில் சாறு பிடித்துக் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறார்கள். கீழே விழுந்து கிடந்த ஒரு மட்டையைத் தம்பி எடுத்து, ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "பொல் போட் காலத்துல குண்டு விலை ஜாஸ்தின்னு இதால அறுத்தாங்க" என்று தன் கழுத்தைக் காட்டினார். தப்பிப் பிழைத்தவர்கள் பல பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கருக்கு என்ற சொல்லுக்கு நமக்குள் என்ன அர்த்தம் ஏறியிருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அறுக்கும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறொன்றும் சொல்ல வரவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கே கிளம்பினோம். போகிற வழியில் மேற்கு பாராய் ஏரிக்கரையில் ஏறி நின்றோம். பதினோராம் நூற்றாண்டு ஏரி. 8 கிலோமீட்டர் நீளம், 2.1 கிலோமீட்டர் அகலம், இன்னும் தண்ணீர் நிற்கிறது. எதிர்க்கரை தெரியவில்லை. இந்தக் கரைக்கு மண் போட்டவர்களின் பேரை நான் படித்த எந்தக் கல்வெட்டு மொழிபெயர்ப்பிலும் பார்க்கவில்லை. இலை தைத்தவள் பேர்கூடக் கிடைக்கிறது. மண் சுமந்தவர் பேர் கிடைக்கவில்லை.

அப்புறம் நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம். பிறகு வடக்கே திரும்பி மண் ரோடு. இடுப்பு கழன்றுவிட்டது. வழியில் மூங்கில் குழலுக்குள் சுட்ட ஒட்டரிசிச் சோறு வாங்கி உரித்துத் தின்றோம். ப்னோம் ஸ்ரோக் வட்டாரம், பட்டு நெய்கிற ஊர்கள். அங்கேதான் த்ரபெயாங் த்மா அணை.

1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் தலைநகரத்தைப் பிடித்ததும் ஊர் ஊராக நகரத்துச் சனங்களைக் காலிபண்ணி வயக்காட்டுக்கு ஓட்டினார்கள். ஓட்டப்பட்டவர்கள் 'புதுச் சனம்', ஏற்கெனவே கிராமத்தில் இருந்தவர்கள் 'பழைய சனம்'. சாதி கிடையாது, பணம் கிடையாது, சந்தை கிடையாது, எல்லாரும் சமம் என்ற நாட்டில் இந்த இரண்டு பிரிவுக்கும் சோறு வேறு, வேலை வேறு, சாவு வேறு. நெல் ஹெக்டேருக்கு மூன்று டன் என்று திட்டம் போட்டார்கள். அதுக்குத் தண்ணீர் வேணும், அதுக்கு அணை வேணும். கொடியில் சிவப்புக்கு நடுவில் மஞ்சளில் அங்கோர் கோபுரம். அங்கோரைக் கட்டிய சனங்களால் எதையும் செய்ய முடியும் என்று 1977-இல் பொல் போட் பேசினார். ராசாவை ஒழித்தவர்கள், ராசாவின் கோயிலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம்மூர் மேடைப் பேச்சாளருக்கும் அவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே புத்தி. கோபுரம் தெரியும், கழுத்து தெரியாது.

த்ரபெயாங் த்மாவும் அங்கோர் காலத்துப் பழைய கரை இருந்த இடம்தான். அதன் மேலேயே புதுக்கரை போட்டார்கள். இன்றைக்கு அது சாரஸ் கொக்குகளுக்கான சரணாலயம். சிவப்புத் தலை, ஆள் உயரம். தூரத்தில் ஜோடி ஜோடியாக மேய்ந்துகொண்டிருந்தன. கரை மேல் ஸ்கூட்டரில் போகும்போது தம்பி பேசவே இல்லை.

அவர் அம்மா வீடு கரையிலிருந்து கொஞ்ச தூரம். 59 வயசு. தம்பி என்னைப் பொங் என்று கூப்பிடுகிறார், அவர் அம்மாவை நானும் பொங் என்றுதான் கூப்பிடணும் வயசுப்படி. நம்ம கணக்கில் முறை இடிக்கும். அக்கா என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு அடியில் தறி. சோறும், ஊறவைத்த மீனை இடித்துச் செய்த ப்ரஹொக் துவையலும் போட்டார். கருவாட்டு வாசம் பழகின மூக்குக்கு அது சொந்த ஊர் வாசம்.

அவர் சியெம் ரியப் சந்தையில் மீன் விற்ற குடும்பம். 75-இல் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், ஆகவே புதுச் சனம். 77-இல் 17 வயசு. கல்யாணமாகாத பிள்ளைகளை 'நடமாடும் குழு'வில் போட்டார்கள். தம்பி மொழிபெயர்க்கச் சொன்னது இது:

"பத்துப் பேருக்கு ஒரு குழு. ஆளுக்கு ஒரு காவுதடி, ரெண்டு கூடை. ஒரு நாளைக்கு மூணு கன மீட்டர் மண் வெட்டிக் கரையில கொட்டணும். கழியால அளப்பாங்க. முடியலைன்னா ராத்திரியும் வேலை. விளக்குப் போட்டு, ஒலிபெருக்கியில பாட்டுப் போட்டு. கஞ்சியில அரிசியை எண்ணலாம். உடம்பு சரியில்லைன்னு படுத்தா, மனசு சரியில்லைம்பாங்க. உன்னை வச்சிருந்தா லாபமில்லை, போனா நட்டமில்லைம்பாங்க. சாயங்காலம் ஒருத்தியைக் கூட்டத்துக்குன்னு கூப்பிடுவாங்க. காலையில அவ கூடை மட்டும் இருக்கும்."

முதல் நாள் பாடம் எனக்கு இங்கே உதவியது. க்ஞொம் என்ற சொல்லைக் காது தேடிக்கொண்டே இருந்தது. அவர் பேச்சில் அது வரவேயில்லை. யெங், யெங் என்றே சொன்னார். தம்பியை நிறுத்திக் கேட்டேன். யெங் என்றால் 'நாங்கள்'. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "க்ஞொம்னு சொல்லக் கூடாதுன்னு குழுத் தலைவி சொல்லிட்டா. அது பழைய சமுதாயத்துச் சொல். எல்லாரும் யெங்தான். ஒருத்தரை ஒருத்தர் 'மித்' என்கணும்." மித் என்றால் மித்திரன், தோழர். சாப்பிடுகிறதுக்குக் கெமர் மொழியில் ராசாவுக்கு ஒரு சொல், சாமியாருக்கு ஒரு சொல், பெரியவருக்கு ஒரு சொல், மாட்டுக்கு ஒரு சொல். அதையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாருக்கும் உழவர் வீட்டுச் சொல் ஒன்றே என்று வைத்தார்களாம். இதை மட்டும் தனியாகக் கேட்டால் நான் கை தட்டியிருப்பேன். நம்மில் எத்தனை பேர் இந்தக் கனவைக் கண்டிருக்கிறோம்! அடிமை என்ற சொல்லை நாக்கிலிருந்து எடுத்தார்கள். எடுத்த அதே நாக்குக்குக் கஞ்சி ஊற்றிக் கல்வெட்டில்கூட இல்லாத வேலை வாங்கினார்கள். லோலெய்யில் பதினைந்து நாளாவது மிச்சம் இருந்தது.

78-இல் ஒரு ராத்திரி முப்பது ஜோடியை நிற்க வைத்து, அங்கார் சொல்லுது, கையைப் பிடிங்க என்றார்களாம். அங்கார் என்றால் அமைப்பு, கட்சி. அப்படித்தான் அக்காவுக்குக் கல்யாணம். முன்னே பின்னே பார்த்திராத ஆள். "நல்ல மனுசன், பாவம், அவரும் பயந்துதான் இருந்தார்" என்றார். இந்த இடத்தில் தம்பி மொழிபெயர்க்காமல் கொஞ்ச நேரம் கொக்குகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது 1980-இல், பொல் போட் ஆட்சி 1979 ஜனவரி 7-இல் விழுந்த பிறகு. அப்பாவை 1985-இல் புதிய அரசாங்கம் தாய்லாந்து எல்லையில் காடு வெட்டவும் கண்ணிவெடி வேலி போடவும் பிடித்துப் போனது. கே-5 என்று அந்தத் திட்டத்துக்குப் பேர். மலேரியாவில் செத்துப் போனார். ஆட்சி மாறியது, காவுதடி இருந்த இடத்தில் அரிவாள் வந்தது. பொல் போட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கே-5 பற்றி ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

நான் போவதற்கு இரண்டு மாதம் முந்தி, 2018 நவம்பர் 16-இல், கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம் நுவோன் சியா, கியூ சம்பான் இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது. த்ரபெயாங் த்மாவில் நடந்தது அடிமைப்படுத்தல் என்ற மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கட்டாயக் கல்யாணமும் குற்றப் பட்டியலில் உண்டு. நுவோன் சியா 2019 ஆகஸ்டில் செத்தார். கியூ சம்பானின் மேல்முறையீடு 2022 செப்டம்பரில் தள்ளுபடியானது. சுமார் பதினேழு லட்சம் பேர் செத்த கணக்குக்கு, அந்தச் சிறப்பு நீதிமன்றத்தில் கடைசி வரை தண்டனை பெற்றவர்கள் மொத்தம் மூன்று பேர். தீர்ப்பு பற்றி அக்காவிடம் கேட்டேன். "ரேடியோவுல கேட்டேன். அடிமைன்னு சொன்னாங்க. அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

இந்த வாக்கியத்தில் க்ஞொம் வந்தது. இரண்டு தடவை வந்தது.

பிறகு அவர் என்னைக் கேட்டார், உங்க ஊரிலும் ஏரிக்கரை போட்டார்களா என்று. எங்க அம்மா மண் சுமந்ததைச் சொன்னேன். எத்தனை கூடை என்று கேட்டார். சொன்னேன். "கூலி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆம்பளைக்குக் குடுத்ததுல பாதி. அதையும் தூரத்துல நிக்க வச்சுப் போட்டாங்க."

தம்பி இதைக் கெமர் மொழியில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தூரத்தில் நிற்க வைப்பது எதுக்கு என்று அக்காவுக்குப் புரியவில்லை. "அவளுக்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டார். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவரே, "எங்களைத் தொட்டாங்க, அடிச்சாங்க. உங்களைத் தொடாமலே அடிச்சிருக்காங்க" என்றார். தறியை ஒரு தடவை தட்டிவிட்டு நிறுத்தினார்.

கிளம்புகிற நேரத்தில் நோட்டைத் திறந்து, உங்க குழுவில் திரும்பி வராதவர்கள் பேர் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பி மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, சும்மா இருந்தார். நான் தமிழில் எழுதினேன். நம்ம எழுத்தில் அந்த ஒலி சரியாக உட்காராது. ஒவ்வொன்றையும் திருப்பிப் படிக்கச் சொல்லி, தப்பாக இருந்தால் தலையாட்டி மறுபடி சொன்னார். ஆறு பேர். ஒரு பேருக்கு மல்லிகை என்று அர்த்தமாம். அவர்களின் அண்ணன் தம்பி பிள்ளைகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் இங்கே அச்சுப் போட எனக்கு மனசில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது.

தம்பி ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, க்ரமாவை என் முகத்தில் கட்டிவிட்டார். தெருமுனை வரை போயிருப்போம். பின்னாலிருந்து சத்தம். அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க இன்னொரு பேரைச் சொன்னார். தம்பி எஞ்சினை நிறுத்தவில்லை. அவர் முதுகில் நோட்டை வைத்து அந்த ஏழாவது பேரையும் எழுதிக்கொண்டேன்.